பூசப்படாத சுவர்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன் அந்தோணியார் நகர் முனையில் இறக்கிவிட்டபோது மணி மூன்றேகால். லூர்து மேரி நேராக வீட்டுக்குள் போகவில்லை. பக்கத்து மனையில் முளைக்குச்சிகள் அடித்து வெள்ளைக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறு அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே எல்லைக்கல்லின் தலையை உரசிக்கொண்டு ஓடியது.

பக்கத்து வீட்டு நிர்மல் மேஸ்திரியோடு நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது. ஒரகடத்தில் இரண்டு வேன் ஓட்டுகிறான், ஊரில் நாலு பேருக்கு வேலை வாங்கித் தருகிறவன் என்ற பெயரும் உண்டு. லூர்து மேரியை அத்தை என்று கூப்பிடுகிறவன்.

“இன்னாடா நிர்மலு, கயிறு கட்டிகினு கீற?”

“வூட்ட பின்னால இழுத்து ரூம் எடுக்கறேன் அத்தை. கீழ ஆறு, மேல ஆறு. பசங்க ரூம் கெடைக்காம அலையறானுங்க.”

“எடு, நல்லா எடு. கயிறு ஏன்டா கல்லு மேல ஓடுது?”

“கல்லு வரைக்கும் என் எடம்தானே?”

“மாமா எங்க படுத்துகினு கீதுன்னு உனுக்குத் தெரியாதா?”

“மாமாவுக்கு இன்னா அத்தை? ஒரு டேபிள் ஃபேன வாங்கி வைய்யி. ஜம்முனு இருக்கும்.”

மேஸ்திரி சிரித்தார். லூர்து மேரி சிரிக்கவில்லை.

சேரப்பணஞ்சேரியிலிருந்து உள்ளே போகும் சாலையில், வயலாக இருந்து மனையாக மாறிய குடியிருப்பு அது. லூர்து மேரியின் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. வடக்கில் அண்டை வீட்டுச் சுவர், மேற்கில் ஏற்கெனவே எழும்பிவிட்ட ஒரு கிடங்கு. அறைக்கு வெளிச்சமும் காற்றும் வர இருந்தது கிழக்கு ஜன்னல் ஒன்றுதான். நாலடி அகலம். அதன் கம்பிகளை அருள்நாதன் தன் கையால் வெல்டிங் செய்து பொருத்தியிருந்தார். தன் எல்லைக்குள்ளேயே இரண்டடிச் சந்து விட்டுத்தான் சுவரே எழுப்பினார். பிறகு பக்கத்தில் வீடு வந்தாலும் ஜன்னல் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்த மனிதர். எல்லாரும் அப்படி யோசிப்பார்கள் என்று நம்பியது மட்டும்தான் அவர் தவறு.

அருள்நாதன் லூர்து மேரியின் கணவர். வார்ப்பட ஆலை ஒன்றில் பதினெட்டு ஆண்டு இரும்புப் பிசிறு தேய்த்தவர். தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு ஒரு துணி முகமூடி கொடுத்தார்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டு. பதினெட்டு ஆண்டும் ஒப்பந்தத் தொழிலாளிதான். நுரையீரல் கல்லாகிப்போன பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறார். நாள் முழுக்க அந்த ஜன்னலை ஒட்டிய கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருப்பார். கிழக்குக் காற்று வந்தால் ஆறு சொல் பேசுவார். அதை வைத்துத்தான் லூர்து மேரி அன்றைய நாள் நல்ல நாளா இல்லையா என்று முடிவு செய்வார்.

லூர்து மேரி வேலை பார்ப்பது கார் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில். அதிகாலையில் போய் வெங்காயம் உரித்து, நாலாயிரம் பேர் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குகிறவர்களில் ஒருவர். அந்தத் தொழிற்சாலையில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் கூடத்துக்குள் வடிகட்டிய காற்றைத்தான் விடுகிறார்கள். ஒரு தூசி கதவின் மேல் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கதவைக் கழித்துவிடுவார்கள். தொழிற்சாலையைச் சுற்றி மரம் வளர்க்க நூறடி அகலத்தில் நிலம் விட்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர் தன் வீட்டு ஜன்னலுக்கு மூன்றடி கேட்டால் மட்டும் நாட்டில் இடப் பஞ்சம் வந்துவிடுகிறது.

மூன்றடி என்பது அவர் ஆசைப்பட்டுச் சொன்ன கணக்கு அல்ல. மறுநாள் விடுப்புப் போட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், நிர்மல் அனுமதி வாங்கிய வரைபடத்தைக் காட்டச் சொல்லி நின்றார். இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் காட்டினார்கள். தாளில் மேற்குப் பக்கம் மூன்றடி வெற்றிடம் அழகாக வரையப்பட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினார். எட்டாம் வகுப்புப் படிப்பு. எழுத்து குண்டு குண்டாக இருந்தாலும் விஷயம் தெளிவாக இருந்தது: தாளில் இருக்கும் மூன்றடி தரையிலும் இருக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை அளக்க வருவதாகச் சொன்னார்கள். வேலையை அதுவரை நிறுத்தும்படி நிர்மலுக்கும் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்திருந்தால் இந்தக் கதை எழுதப்படவே தேவையில்லை. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தேவாலயப் பங்கில் இருபது இருபத்தைந்து குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருப்பார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஜெபம், வாசகம், பிறகு சுண்டலும் டீயும். அந்தோணியார் நகர் அன்பியத்துக்கு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனத்தாங்கல் உள்ள இரண்டு வீட்டாரும் எல்லார் முன்னிலையிலும் ஒரே மெழுகுவர்த்தியைச் சேர்ந்து பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்திருந்தால் பெரிய வெள்ளிக்கு முன்பாக அதைத் திரும்பப் பெற வேண்டும். கோழிச் சண்டை, குழாயடிச் சண்டைகளுக்காக யாரோ ஏற்படுத்திய வழக்கம். அதற்குப் பயன்பட்டிருக்கவும் கூடும்.

அந்த வாரம் கூட்டம் நிர்மல் வீட்டில். தலைவி ஜெர்சி டீச்சர், ஓய்வு பெற்ற ஆசிரியை. வாசகம் முடிந்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு நடுவில் வந்தார்.

“மேரி, எழுந்து வாம்மா. நிர்மல், நீயும் வா.”

“எனுக்கும் அவனுக்கும் சண்டை இல்ல டீச்சர். மூணு அடிதான் பிரச்சனை.”

“சண்டை இல்லன்னா புகார் எதுக்கு? மனசுல பகைய வச்சிகினு பாஸ்காவுக்கு நன்மை வாங்கப் போறியா?”

நாற்பது கண்கள் அவரைப் பார்த்தன. பாஸ்கா என்பது ஈஸ்டர்; நன்மை என்பது பூசையில் வாங்கும் நற்கருணை. அதைப் பகையோடு வாங்குவது பாவம் என்று லூர்து மேரிக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் அந்த ஏழு வயதுப் பெண்ணாகவே எழுந்துபோனார். நிர்மல் மெழுகுவர்த்தியின் மேல் கை வைத்தான்.

“சத்தியமா சொல்றேன் அத்தை. மூணு அடி வுட்டுத்தான் கட்டுவேன். மாமா காத்த நான் அடைப்பேனா?”

அவன் அம்மா அழுதார். எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். சுண்டல் வந்தது. ஜெர்சி டீச்சர் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து, புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே எழுதச் சொன்னார். ‘எங்களுக்குள் பேசி சுமுகமாக முடித்துக்கொண்டோம்’ என்று டீச்சர் சொல்லச் சொல்ல லூர்து மேரி எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று அந்தக் கூடத்தில் தாள் இருந்தது, பேனா இருந்தது, எழுதத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தார்கள். விட்டுக்கொடுக்கிறவர் எழுதிக்கொடுத்தார். வாக்குக் கொடுத்தவன் வாயால் சொன்னான். இரண்டையும் ஒரே எடையாக நினைக்கும்படி அங்கே எல்லாரும் பழக்கப்பட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அருள்நாதன் கேட்டார்.

“எழுதி வாங்கினியா?”

“மெழுகுவத்திக்கு முன்னால நின்னுகினு எழுதிக் குடுன்னு எப்பிடிக் கேக்கறது? நம்பிக்கை இல்லாதவன்னு ஆயிடாதா?”

“ஏன், மெழுகுவத்திக்குப் படிக்கத் தெரியாதா?”

“வாய மூடு. மூச்சு வாங்குது, இதுல நக்கலு.”

ஆனால் அன்று லூர்து மேரி இரண்டு மூன்று முறை ஜன்னல் வழியே அந்தக் கயிற்றைப் பார்த்தார். அது இன்னும் கல்லின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு மாற்றிக் கட்டுவான் என்று நினைத்துக்கொண்டார்.

பாஸ்கா ஞாயிறன்று வெள்ளைப் புடவை கட்டி நன்மை வாங்கினார். திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனார். காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது.

அருள்நாதன் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லைக்கல்லை ஒட்டி வாய் இறங்கி மண்ணை அள்ளுவதை ஜன்னலிலிருந்து இரண்டடி தூரத்தில் பார்த்தார். “டேய் நிர்மலு” என்று கூப்பிட்டார். இயந்திரச் சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, கிழவர் தண்ணீர் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னார். மேஸ்திரி கேனிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றேகாலுக்கு லூர்து மேரி வந்தபோது பள்ளத்தில் கான்கிரீட் கொட்டி முடிந்திருந்தது. அருள்நாதன் டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். கம்பியில் பெயின்ட் உதிர்ந்திருந்தது.

“மெழுகுவத்தி மேல கை வச்சியேடா!”

நிர்மல் தலையைச் சொறிந்தான். “நான் வுடலாம்னுதான் இருந்தேன் அத்தை. இன்ஜினியரு பாத்துட்டு, மூணு அடி வுட்டா பாத்ரூம் வரிசையே வராதுன்னுட்டாரு. பாத்ரூம் இல்லாத ரூம எவன் எடுப்பான்? ஆண்டவருக்குத் தெரியும், வேணும்னு செய்யல.”

ஆண்டவருக்குத் தெரிந்திருக்கலாம். அலுவலகத்துக்குத் தெரிந்தது லூர்து மேரியின் கையெழுத்து மட்டும்தான். இரண்டாவது புகாரோடு போனபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கோப்பைத் திறந்து அவருடைய கடிதத்தை எடுத்து அவர் பக்கமே திருப்பிவைத்தார்.

“இது நீங்க எழுதினதுதானேம்மா?”

“ஆமா சார். ஆனா அவன் சத்தியம் பண்ணான்.”

“எங்க பண்ணான்?”

“அன்பியத்துல.”

“அதுக்கு ஏதாவது நகல் இருக்குதா?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் கொடுமை. வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். வக்கீல் ஒருவரிடம் கேட்டதில், தீர்ப்பு வர எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். சுவர் எழும்ப எத்தனை நாள் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜெர்சி டீச்சரிடம் போனார். டீச்சர் நிர்மலுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

சுவர் ஒரே நாளில் வருவதில்லை. வரிசை வரிசையாக வருகிறது. அருள்நாதன் கட்டிலில் சாய்ந்தபடி எண்ணினார். மாலையில் மனைவி வந்ததும் அறிக்கை கொடுப்பார்: “இன்னிக்கி... ஒம்போது வரி.” முதலில் சாலை மறைந்தது. பிறகு எதிர்ப்பக்கத்து முருங்கை மரம். பிறகு மின்கம்பிகள். கடைசியாக ஒரு கை அகலத்துக்கு வானம் மீதமிருந்தது. ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, கரண்டியைத் தட்டும் சத்தத்தோடு, அதுவும் போனது. அன்று மூன்றேகாலுக்கு லூர்து மேரி வந்து அறையில் விளக்குப் போட்டுத்தான் அவருக்குச் சோறு ஊட்ட முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் சந்து முடிகிற இடத்தில் செங்கல் தட்டியது. காற்று வரவில்லை. சிமென்ட் வாசனை மட்டும் வந்தது.

ஒரு வாரத்தில் அவர் ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்லாகக் குறைந்தார். கட்டிலை வீட்டு முன்னால் தகரச் சீட்டுக்குக் கீழே போட்டார்கள். அங்கே காற்று இருந்தது. கன்டெய்னர் லாரிகள் எழுப்பிய புழுதியும் அதே காற்றில்தான் வந்தது. தூசியில் போன நுரையீரலைத் தூசிக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. அப்போதுதான் நிர்மலுக்கு ஒரு விஷயம் உறைத்தது. எல்லைக்கல்லின் மேலேயே சுவரை எழுப்பியவன், அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தைப் பூச வேண்டுமானால் சாரம் கட்ட அடுத்தவர் நிலத்தில்தான் நிற்க வேண்டும். வெளிப்பூச்சு இல்லாத செங்கல் மழையைக் குடித்தது. குடித்ததை உள்ளே பன்னிரண்டு அறைகளிலும் இறக்கியது.

“அத்தை, ரெண்டு நாள் வேல. சந்துல சாரம் கட்டி பூசிட்டுப் போயிடறோம்.” எதுவும் நடக்காததுபோலக் கேட்டான். அந்தச் சாதாரணம்தான் லூர்து மேரியைச் சுட்டது. இந்த அம்மாள் மறுப்பார் என்று அவன் ஒரு நிமிடம்கூட நினைத்திருக்கவில்லை.

“கட்டிக்க. மொதல்ல ஜன்னலுக்கு நேரா இருக்கற செவுத்த மூணு அடி உள்ள தள்ளு.”

“விளையாடறியா அத்தை? ரூமுக்கு ஆளுங்க வந்தாச்சு. பாத்ரூம ஒடைக்கச் சொல்ற?”

“என் சந்துல ஒரு கால வச்சின்னா, அருவாமனைய எடுத்துகினு வருவேன். நாலாயிரம் பேருக்கு நறுக்கற கை இது.”

இரண்டு வாரம் கழித்து ஜெர்சி டீச்சர் ஏழெட்டுப் பேரோடு வந்தார். கையில் மெழுகுவர்த்தி.

“கிறிஸ்துமஸ் வருது மேரி. இப்பிடி கல் மனசா இருக்கலாமா?”

லூர்து மேரி உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு பத்திரத்தாளை எடுத்துவந்தார். மழை பிடித்த நாளிலேயே வாங்கி வைத்திருந்தது.

“இதுல எழுதச் சொல்லு டீச்சர். எத்தினி நாளுல செவுத்த தள்ளுவான்னு எழுதி அவன் கையெழுத்துப் போடட்டும். சாட்சிக் கையெழுத்து நீ போடு. அப்பறம் மெழுகுவத்தி ஏத்தலாம். எத்தினி வேணாலும் ஏத்தலாம்.”

“ஜெபத்துக்கு வந்த எடத்துல பத்திரத்த நீட்டறியே, இது நல்லா இருக்குதா?”

“அன்னிக்கி எனுக்கு மட்டும் பேப்பர் நீட்டினீங்களே, அது ஜெபம் இல்லியா?”

மெழுகுவர்த்தி ஏற்றப்படாமலே திரும்பிப்போனது. கிறிஸ்துமஸ் பூசையில் நன்மை வாங்க லூர்து மேரி வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் ஓரடி தள்ளி நின்றார்கள். ஜன்னலுக்கு விடாத இடத்தை அன்று விட்டார்கள்.

இதுவரை நியாயம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இல்லை. பிறகு இசக்கிபாண்டி வந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன், இருபத்துமூன்று வயது. மின்னணுப் பொருள் செய்யும் ஆலையில் லைனில் வேலை. சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் ஏழு பேரோடு இருக்கிறவன். நாலு பேர் ஷிப்டுக்குப் போகும்போது நாலு பேர் அதே பாயில் படுப்பார்கள்.

“எக்கா, செவத்துல தண்ணி இறங்குது. பாயி, தலாணி எல்லாம் பூசணம் பிடிச்சுட்டு. எங்கூட இருக்க பேச்சிராஜுக்கு ரெண்டு வாரமா இருமல். ரெண்டே நாளு சாரம் கெட்ட விட்டியன்னா பூசிருவாங்களாம். நீங்கதான் மாட்டேங்கியளாம்.”

“யாரு சொன்னது?”

“ஹவுஸ் ஓனருதான். அந்தம்மாவுக்கு மனசு கல்லுன்னாரு.”

லூர்து மேரி அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் ஜன்னல் முன்னால் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. அவன் கம்பிக்குள் கையை விட்டுச் செங்கல்லைத் தொட்டான். அது தன் அறைச் சுவரின் முதுகு என்று புரிய அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

“உங்களுக்கு ஜன்னலாவது இருந்துச்சுக்கா,” என்றான். “எங்க ரூம்ல அவரு ஜன்னலே வைக்கல.”

“நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு. நான் வுட்டா உன் செவுரு காஞ்சிடும். அதோட என் பேச்சு முடிஞ்சிது. வெளில படுத்துகினு கீறாரே, அவருக்கு யாரு பதில் சொல்லுவா?”

அவன் வெளியே கட்டிலைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மழை சாய்ந்தடித்தது. தகரச் சீட்டுக்குக் கீழே நனைகிறது என்று அருள்நாதனை மீண்டும் அறைக்குள் கொண்டுவந்தார்கள். மாலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பாலிருந்து இருமல் வந்தது.

“இது... தூசி இருமல்... இல்ல. ஈரத்து... இருமல். சின்னப் பையன்... மேரி. பூசிட்டுப்... போவட்டும்.”

லூர்து மேரி அவர் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“இருமட்டும்,” என்றார்.

சொன்ன பிறகு அவர் கை நின்றுவிட்டது. முப்பது வருடம் யார் வீட்டில் பிள்ளை பெற்றாலும் பத்திய மருந்தோடும் கருப்பட்டியோடும் போய் நின்றவர். கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துபோனால் தன் தட்டைக் கொடுத்தவர். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவர் புருஷனைப் பார்த்தார். அருள்நாதன் திரும்பிப் படுத்தார். நாலு சொல்லாவது மிச்சமிருந்தால் திட்டியிருப்பார்.

அந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி யார் என்று என்னைக் கேட்டால், மழையில் நனையாத முன்பக்க வீட்டில் டைல்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தவனைத்தான் சொல்வேன். ஒருவன் கல்லின் மேல் சுவரை வைத்தான். அதன் இரண்டு பக்கத்திலும் மூச்சு முட்டியவர்கள் ஒருவரை ஒருவர் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் இசக்கிபாண்டியும் பேச்சிராஜும் மற்றவர்களும் அறையைக் காலி செய்து சுங்குவார்சத்திரம் பக்கம் போனார்கள். போகும்போது இசக்கிபாண்டி கட்டிலருகே நின்று “வாரோம் அண்ணாச்சி” என்று அருள்நாதனிடம் மட்டும் சொன்னான். நாலாம் நாள் ஒடிசாவிலிருந்து எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நிர்மல் ஈரச் சுவரின் உட்பக்கத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை ஆணியடித்து மறைத்துவிட்டான். அவர்கள் தமிழில் குறை சொல்வதில்லை.

இதை எழுதும்போது அடுத்த மழைக்காலமும் நெருங்குகிறது. அருள்நாதன் தகரச் சீட்டுக்குக் கீழே இருக்கிறார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல். பத்திரத்தாள் இன்னும் பீரோவில் வெறுமையாக இருக்கிறது. சுவரில் பச்சைப் பாசி ஏறிவிட்டது. இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்ட நிர்மல் ஆள் கொண்டுவந்தபோது, லூர்து மேரி ஷிப்டிலிருந்து வந்த கையோடு சந்தின் வாயில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாத்துக்கு அத்தை, வெயில்ல?” என்றான் நிர்மல்.

“இது என் எடம்டா. எனுக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ரெண்டடிதான். குந்திகினு கீறேன்.”